வால்வு ப்ரீஆம்பில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டு ஸ்டீரியோவில் வால்வு ப்ரீஆம்ப் (பிளேயருக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவே நின்று, வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்றைச் சேர்த்த கையோடு ஹம் எனப்படும் ரீங்காரம் கேட்கிறது, அல்லது ஒரு பக்க ஸ்பீக்கர் பேசமாட்டேன் என்கிறது, அல்லது முன்பிருந்த பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) காணாமல் போய்விடுகிறது. உடனே பலரும் புது வால்வு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை வால்வால் வந்த தொல்லை குறைவுதான். இணைப்பு, எர்த், ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் உள்ள பொருத்தம் ஆகியவற்றில்தான் பெரும்பாலான சிக்கல்கள் இருக்கின்றன. வால்வே கெட்டிருந்தாலும் அதைப் பணம் செலவழிக்காமல் உறுதி செய்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும், கோளாறு அதோடு சேர்ந்து நகர்கிறதா என்று கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் பாதுகாப்பு. வால்வு ப்ரீஆம்புக்குள் 150 முதல் 300 வோல்ட் வரை டிசி ஓடுவது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனால் உள்பாகத்துக்குப் போக அடித்தட்டைக் கழற்ற வேண்டாம். இங்கே சொல்லும் எல்லாமே பெட்டிக்கு வெளியே செய்யக்கூடியவை. வால்வுகள் வெளியே தெரியும்படியோ, பயனர் திறப்பதற்கென்றே வைத்த மூடிக்குள்ளோ இருந்தால் மட்டும் அவற்றைக் கழற்றலாம். அதுவும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறிய பிறகு.

இணைப்பு சரியா என்று ஒருமுறை பாருங்கள்

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) போன்றவற்றின் அவுட்புட் ப்ரீஆம்பின் லைன் இன்புட்டுக்குப் போக வேண்டும். ப்ரீஆம்பின் அவுட்புட் பவர் ஆம்பின் இன்புட்டுக்கு. இவ்வளவுதான். ஆனால் பலரிடம் தனி பவர் ஆம்ப் இருப்பதில்லை, ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் அமைந்த இன்டகிரேட்டட் ஆம்ப்தான் இருக்கிறது. அதன் பின்பக்கம் 'மெயின் இன்' அல்லது 'பவர் இன்' என்று ஒரு ஜோடி சாக்கெட் இருந்தால் அங்கே கொடுங்கள். பழைய மாடல்களில் 'ப்ரீ அவுட்' சாக்கெட்டையும் 'மெயின் இன்' சாக்கெட்டையும் உலோகத் துண்டு ஒன்று இணைத்திருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். சிலவற்றில் 'ஹோம் தியேட்டர் பைபாஸ்' (உள்ளேயுள்ள ப்ரீஆம்பைத் தவிர்க்கும் இன்புட்) இருக்கும், அதுவும் சரி. எதுவுமே இல்லாமல் 'ஆக்ஸ்' சாக்கெட்டில் செருகினால் இரண்டு ப்ரீஆம்ப் வரிசையாக நிற்கும். பாடும், ஆனால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மிகுந்து இரைச்சலும் கூடும்.

ஆன் செய்யும்போது பவர் ஆம்ப் கடைசி. ப்ரீஆம்ப் சூடாகி நிலைக்கு வர ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு அதை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வால்வு சூடாகும்போது அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி ஒரு டிசி எழுச்சியை வெளியே தள்ளும். பவர் ஆம்ப் அப்போது விழித்திருந்தால் அது நேரே ஸ்பீக்கரில் இறங்கும். கேபிளைக் கழற்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் பவர் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும்.

சத்தமே வரவில்லை

ஒரு நிமிடம் பொறுங்கள். பல ப்ரீஆம்ப்களில் மியூட்டிங் ரிலே உண்டு, அது 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை அவுட்புட்டைப் பிடித்து வைத்திருந்து 'டிக்' என்று விடும். அதன் பிறகும் அமைதி என்றால் இன்புட் செலக்டர், டேப் மானிட்டர் பட்டன் இரண்டையும் பாருங்கள். டேப் மானிட்டர் அழுத்தியிருந்தால் டேப் இன்புட்டில் வருவது மட்டுமே கேட்கும், வேறெதைப் போட்டாலும் கேட்காது.

அடுத்து, எல்லா வால்விலும் இழை ஆரஞ்சு நிறத்தில் மின்னுகிறதா? விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். ஒன்று மட்டும் இருண்டு இருந்தால் அது சாக்கெட்டில் முழுதாக உட்காரவில்லை, அல்லது அதன் ஹீட்டர் (அந்த இழை) போய்விட்டது. எல்லாமே இருட்டு என்றால் ஃபியூஸ். அதே அளவு, அதே வகை ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும். மறுபடியும் எரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர்தான் எரியும்.

வேறு ரக வால்வைச் செருகியதால் வரும் அமைதியும் உண்டு. 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றுக்கும் பின் அமைப்பு ஒன்றே. 6டிஜே8 வால்வுக்கும் ஒன்பது பின்தான், அதே சாக்கெட்டில் சுகமாக இறங்கும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டின் ஹீட்டர் 6.3 வோல்ட் முறையில் இணைக்கப்பட்டிருந்தால் 6டிஜே8 எரியவே எரியாது. 12.6 வோல்ட் முறையில் இருந்தால் இரண்டு மடங்கு வோல்டேஜ் ஏறி ஹீட்டர் கருகிவிடும். உருவம் பொருந்துகிறது என்பதற்காக எதையும் மாற்றாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை, அல்லது மெலிவாக இருக்கிறது

சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கலாம். வலது பக்கம் பேசவில்லை என்று வையுங்கள். பவர் ஆம்பை அணைத்து, அதன் இன்புட்டில் இடது வலது கேபிள்களை மட்டும் இடம் மாற்றுங்கள். மறுபடி ஆன் செய்தால் ஊமைப் பக்கம் இடதுக்குப் போய்விட்டதா? அப்படியென்றால் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் நலம், கோளாறு அதற்கு முன்னால். வலதிலேயே நின்றால் ப்ரீஆம்பை விட்டுவிடலாம், பவர் ஆம்பையும் ஸ்பீக்கர் வயரையும் பாருங்கள்.

முன்னால்தான் என்று தெரிந்தால் கேபிள்களைப் பழையபடி வைத்துவிட்டு, ப்ரீஆம்பின் இன்புட்டில் அதே மாற்றத்தைச் செய்யுங்கள். ஊமைப் பக்கம் நகர்ந்தால் பிளேயர் அல்லது அதன் கேபிள். நகரவில்லை என்றால் ப்ரீஆம்ப், அல்லது அதிலிருந்து வெளியே போகும் கேபிள். அந்தக் கேபிளை வேறொன்றால் மாற்றிப் பாருங்கள். நிறைய பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். இந்தக் கேபிள்களின் முனையிலுள்ள ஆர்சிஏ பிளக்கின் உள்ளே சால்டர் விட்டுப்போவது சர்வசாதாரணம்.

கடைசியாக வால்வு. ஒரே எண் கொண்ட இரண்டு வால்வுகளை இடம் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வால்வு என்ற வடிவமைப்பில் கோளாறு மறுபக்கம் போனால் வால்வு கெட்டது உறுதி. ஆனால் இவை எல்லாம் இரட்டை ட்ரயோடு, ஒரு கண்ணாடிக்குள் இரண்டு பகுதி. சில ப்ரீஆம்ப்களில் ஒரே வால்வின் ஒரு பாதி இடதுக்கும் மறுபாதி வலதுக்கும் வேலை செய்யும். அப்படிப்பட்ட கருவியில் வால்வை மாற்றினால் கோளாறு பக்கம் மாறாது, அதன் தன்மை மாறலாம், அளவு கூடலாம் குறையலாம். அதுவும் வால்வைக் காட்டும் அடையாளம்தான். கையேட்டில் எந்த வால்வு என்ன செய்கிறது என்று படம் போட்டிருப்பார்கள், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஹம்

அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான், எனவே நிதானமாகப் பார்ப்போம்.

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் நின்றுவிட்டால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலிருந்து வருகிறது: பிளேயர், இன்புட் கேபிள், இசைத்தட்டுச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கான ஃபோனோ பகுதி. அப்படியே இருந்தால் கன்ட்ரோலுக்குப் பின்னால். பல வால்வு ப்ரீஆம்ப்களில் வால்யூம் கன்ட்ரோல் இன்புட்டை ஒட்டியே இருக்கும், வால்வுகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு ப்ரீஆம்பின் எல்லா இன்புட் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். பவர் ஆம்புக்குப் போகும் ஜோடி மட்டும் இருக்கட்டும். ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையை எர்த்தோடு இணைத்து இன்புட்டை அமைதியாக்குவது) இருந்தால் தேர்ந்தெடுத்த இன்புட்டில் செருகுங்கள். இப்போது அமைதி என்றால் பிளேயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் ஹம் வருகிறதோ அதுதான் எர்த் லூப்பை உண்டாக்குகிறது. பெரும்பாலும் அது கேபிள் டிவி வயர் செருகிய செட்டாப் பாக்ஸாக இருக்கும், அல்லது சார்ஜரில் இருக்கும் லேப்டாப். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

எர்த் லூப் என்பது இரண்டு கருவிகள் ஒரே எர்த்தை இரண்டு வழியில் தொடுவது: ஒன்று பவர் கார்டு வழியாக, இன்னொன்று ஆர்சிஏ கேபிளின் வெளி உறை வழியாக. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் இசையோடு கலந்துவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பாதி வழக்குகள் தீரும். தீராவிட்டால் தொல்லை தரும் பிளேயருக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே, எர்த் இணைப்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். டிவி கேபிளால் வந்ததென்றால் அந்தக் கேபிளிலேயே ஐசொலேட்டர் போடுவது இன்னும் மேல்.

எர்த் பின்னை உடைத்துவிடு, டேப் சுற்றிவிடு, ஹம் போய்விடும் என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. ஹம் போகலாம். ஆனால் இது உலோகப் பெட்டி, உள்ளே பல நூறு வோல்ட். ஏதாவது ஒரு வயர் உள்ளே விலகி உடலைத் தொட்டால் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பி ஃபியூஸை எரிய வைப்பது அந்தப் பின்தான். அது இல்லாவிட்டால் அந்த வழி உங்கள் கை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்தவர் வீட்டிலும் திரும்ப மாட்டிவிடச் சொல்லுங்கள்.

எல்லா இன்புட்டையும் கழற்றியும் ஹம் இருக்கிறதா? பவர் ஆம்பை அணைத்து ப்ரீஆம்ப் கேபிளையும் எடுத்துவிட்டு, அதன் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் வைத்து ஆன் செய்யுங்கள். அப்போதும் கேட்டால் பவர் ஆம்பின் ஹம். கேட்கவில்லை என்றால்தான் ப்ரீஆம்ப்.

அதிலும் முதலில் இடத்தைச் சந்தேகப்படுங்கள். பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலேயோ பக்கத்திலேயோ ப்ரீஆம்ப் இருந்தால் அதன் காந்தப்புலம் உள்ளே ஹம்மை எழுப்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரீஆம்பைத் தூக்கி அரை மீட்டர் தள்ளிப் பிடியுங்கள், கொஞ்சம் திருப்புங்கள். சத்தம் மாறினால் விடை கிடைத்துவிட்டது, தட்டு மாற்றி வைத்தால் போதும். ஆர்சிஏ கேபிள்களைப் பவர் கார்டோடு சேர்த்துக் கட்டி வைக்காதீர்கள். குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஹம்மின் குரலும் ஒரு துப்பு. உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், ஆழமான மெல்லிய 'உம்ம்' 50 ஹெர்ட்ஸில் வரும்: எர்த் லூப், காந்தப்புலம், அல்லது வால்வின் ஹீட்டரிலிருந்து அது சூடாக்கும் கேத்தோடு என்ற முனைக்கு ஏற்பட்ட கசிவு. கசிவு என்றால் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கும், வால்வை இடம் மாற்றினால் கூடவே போகும். சற்றே முரட்டுக் குரலில் 'கொர்ர்' என்று 100 ஹெர்ட்ஸில் வந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டிருக்கலாம். பழைய கருவிகளில் இதை எதிர்பார்க்கலாம், டெக்னீஷியன் வேலை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இவை 60, 120 என்று மாறும்.

டர்ன்டேபிளில் மட்டும் ஹம் என்றால் மெல்லிய எர்த் வயர் ப்ரீஆம்பின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் தலை, தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே, அதனால் அங்கே சின்னத் தவறும் பெரிதாகக் கேட்கும்.

'உஸ்ஸ்' என்ற இரைச்சல், வால்யூம் கொஞ்சம் திருப்பியதும் அலறல்

இரண்டும் பெரும்பாலும் ஒரே காரணம்: கெயின் மிகுதி. சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பவர் ஆம்ப் 1 வோல்ட் சுற்றிலேயே முழு சக்திக்கு வந்துவிடலாம். நடுவே ப்ரீஆம்ப் 10 மடங்கு, அதாவது 20 டெசிபல் பெருக்கினால் வால்யூம் குமிழ் எட்டு மணி, ஒன்பது மணி நிலையைத் தாண்டவே முடியாது. குமிழின் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடது வலது சமநிலையும் மோசமாக இருக்கும். வால்வின் இயல்பான இரைச்சலும் முழுதாக ஸ்பீக்கருக்குப் போகும்.

தீர்வு, பவர் ஆம்பின் இன்புட்டில் 10 டெசிபல் குறைக்கும் இன்லைன் அட்டெனுவேட்டர். ப்ரீஆம்புக்கு முன்னால் வைத்தால் இசை மட்டும் குறையும், வால்வின் இரைச்சல் அப்படியே இருக்கும். பின்னால் வைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். வாங்கும்போது அதன் இன்புட் இம்பீடன்ஸை (சிக்னலுக்குக் காட்டும் தடை, ஓமில் சொல்வார்கள்) கேளுங்கள், மிகக் குறைவாக இருந்தால் அடுத்த அறிகுறியில் மாட்டிக்கொள்வீர்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயு7-க்கு 20-க்குச் சற்றுக் கீழே. தயாரிப்பாளர் அனுமதித்தால் குறைந்ததைப் போட்டுப் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் வேண்டாம், மூன்றும் எடுக்கும் மின்னோட்டம் வேறு வேறு.

பாஸ் மெலிந்துவிட்டது, அல்லது மேல் ஸ்வரங்கள் மங்கிவிட்டன

இதைத்தான் 'வால்வின் குணம்' என்று பலர் ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். நல்ல வால்வு ப்ரீஆம்பில் பாஸ் குறைய வேண்டிய அவசியமே இல்லை.

ப்ரீஆம்பின் அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதுவும் பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸும் சேர்ந்து தாழ்ந்த ஒலிகளை வடிகட்டுகின்றன. 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் பவர் ஆம்ப் என்றால் வெட்டும் புள்ளி 3.4 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. அதே கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம் இன்புட் கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்போடு சேர்த்தால் 34 ஹெர்ட்ஸ். பாஸ் கண்கூடாகக் குறையும். போதாததற்கு ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு 50 கிலோ ஓம் சப்வூஃபரையும் சேர்த்தால் மொத்தம் 8.3 கிலோ ஓம்தான்.

எனவே இரண்டு கையேடுகளையும் எடுத்து, பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் கூடினால் நிம்மதி. பொருந்தாவிட்டால் இன்புட் இம்பீடன்ஸ் உயர்ந்த பவர் ஆம்ப், அல்லது நடுவே ஒரு பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைத்துத் தரும் கருவி). அவுட்புட் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவதும் ஒரு வழி, ஆனால் அது டெக்னீஷியன் கையில்.

மேல் ஸ்வரங்கள் மங்குவது நீளமான கேபிளால். சாதாரண ஆர்சிஏ கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும். அவுட்புட் இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம் உள்ள ப்ரீஆம்பில் 10 மீட்டர் கேபிள் போட்டால் 16 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். ப்ரீஆம்பைப் பவர் ஆம்புக்கு அருகில் வைத்து ஸ்பீக்கர் வயரை நீட்டிக்கொள்ளுங்கள்.

டர்ன்டேபிள் மட்டும் ஒல்லியாக, கீச்சென்று, மிக மெல்லப் பாடினால் லைன் இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள். இசைத்தட்டில் பாஸைக் குறைத்து ட்ரெபிளை உயர்த்தித்தான் பதிவு செய்கிறார்கள், இரண்டு முனைகளிலும் சுமார் 20 டெசிபல். அதை நேராக்க ஃபோனோ பகுதி தேவை. மாறாக, கனத்துப்போய் உடைந்த சத்தம் வந்தால் டர்ன்டேபிளின் பின்னால் உள்ள ஃபோனோ–லைன் சுவிட்சைப் பாருங்கள். உள்ளே ஒரு ஃபோனோ பகுதி, வெளியே ஒன்று என்று இரட்டிப்பாகியிருக்கும்.

பொரிகிற சத்தம், படபடப்பு

குமிழைத் திருப்பும்போது மட்டும் வந்தால் வால்யூம் கன்ட்ரோலில் அழுக்கு. சும்மா இருக்கும்போதே வந்தால் வால்வின் பின்கள். ஆறிய வால்வை நேராக மேல்நோக்கி, மிக இலேசாக அசைத்து எடுங்கள். கண்ணாடியின் உச்சியிலுள்ள கூர்முனையைப் பிடிக்க வேண்டாம். பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் சில முறை செருகி எடுத்தாலே சாக்கெட்டும் சுத்தமாகிவிடும். செருகும்போது பின்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சாக்கெட்டோடு பொருத்துங்கள். அதற்குப் பிறகும் பொரிந்தால் இடமாற்றச் சோதனை.

தட்டினால் மணி அடிக்கிறது

வால்யூம் கூட்டும்போது 'டிங்' என்ற எதிரொலி, சில நேரம் தானாகவே ஊளை. வால்வுக்குள் இருக்கும் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள் அதிர்ந்து அதுவே சிக்னலாக மாறுகிறது. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். எல்லாமே கொஞ்சம் ஒலிக்கும், ஒன்று மட்டும் நீண்டு ஒலித்தால் அதுதான். அதைச் சிக்னல் பெரிதாகிவிட்ட பிந்தைய நிலைக்கு நகர்த்தினால், எண் ஒன்றாக இருக்கும்பட்சத்தில், தொல்லை அடங்கிவிடும். ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே ப்ரீஆம்பை வைக்காதீர்கள்.

வால்வின் தோற்றம்

உள்ளே வெள்ளிப்பூச்சுப் போல இருக்கும் பகுதி பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. ஆன் செய்த கணத்தில் ஒரு வால்வு பளிச்சென்று மின்னி அடங்குவது சில தயாரிப்புகளின் இயல்பு. மற்றபடி எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதை வைத்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது.

ஆன் செய்ததும் ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளி நிற்கிறது

'தொப்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் ஆன் செய்யும் வரிசை தவறு, மேலே சொன்னபடி செய்தால் போதும். கூம்பு தள்ளியபடியே நின்றால் உடனே பவர் ஆம்பை அணையுங்கள். டிசி வந்துகொண்டிருக்கிறது, சில விநாடிகளில் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) கருகலாம்.

பவர் ஆம்ப் கேபிளைக் கழற்றிவிட்டு, ப்ரீஆம்பை மட்டும் ஆன் செய்து பத்து நிமிடம் சூடாக விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து அவுட்புட் சாக்கெட்டின் நடுமுனையையும் வெளி வளையத்தையும் தொடுங்கள். இரண்டு பக்கமும் சில மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பல நூறு மில்லிவோல்ட் காட்டினால் அவுட்புட் கெப்பாசிட்டர் கசிகிறது. இனி அந்த ப்ரீஆம்பைப் பவர் ஆம்போடு இணைக்க வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டியே காட்டினால் டிசி பவர் ஆம்பிலேயே பிறக்கிறது, பழுதுக்குப் போக வேண்டியது அது. எதுவானாலும் எந்தப் பக்கம், மீட்டர் என்ன காட்டியது, எந்த வால்வுகளை மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியோடு டெக்னீஷியனிடம் கொடுங்கள். அவர் தேடும் நேரத்தில் பாதி மிச்சமாகும்.